பாதிரியார் செய்த பெட்டி

பாஸ்கா திருவிழிப்பு இரவில், புதுத் தீயிலிருந்து ஏற்றப்பட்ட பெருந்திரி முன்னே செல்ல, இருள் சூழ்ந்த ஆலயத்துள் நாம் நுழைகிறோம். பின்பு பாஸ்காப் புகழுரை பாடப்படுகிறது. செங்கடல், விடுதலையின் இரவு, ஆதாமின் குற்றம் என விரிந்து செல்லும் அந்த நெடும்பாடலின் நடுவே ஒரு சிற்றுயிருக்கும் இடம் தரப்பட்டிருப்பதைக் கவனித்தவர் நம்முள் மிகச் சிலரே. அவ்வுயிர் தேனீ. திரியின் மெழுகு தேனீக்களின் உழைப்பால் விளைந்தது என்பதை நினைவுகூர்ந்து, அந்த உழைப்பையும் மாலைப் பலியோடு சேர்த்து இறைவன் திருமுன் வைக்கிறது இலத்தீன் மூலம்.

இது வெறும் கவிதை அலங்காரமன்று. பல நூற்றாண்டுகள் ஆலயத் திரிகளின் ஒளி தேனீயிடமிருந்தே வந்தது. ஐரோப்பியத் துறவு மடங்கள் தோட்டத்தில் தேன்கூடுகளை வைத்திருந்ததற்குத் தேனை விட மெழுகே பெரிய காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய்க் கசடிலிருந்து மலிவான மெழுகு வரத் தொடங்கிய பின்னும், பாஸ்காத் திரியும் திருப்பலியில் ஏற்றப்படும் இரு திரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகால் ஆனவையாக இருத்தல் வேண்டும் என்று 1904இல் உரோமை கேட்டுக்கொண்டது. இன்று நம் ஆலயங்களில் எரிவன பெரும்பாலும் கடையில் வாங்கிய வெள்ளை மெழுகுத்திரிகளே. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் தேனீயை நம் நினைவிலிருந்து அகற்றியதில் அந்த வெள்ளைத் திரிக்கும் பங்கு உண்டு. அதனாலேயே, தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களின் வீட்டுத் தோட்டத்தில் தேனீயைக் குடியேற்றிய ஒரு குருவின் பெயரும் நமக்குள் வழங்காமற் போயிற்று என்று எண்ணுகிறேன்.

அந்தக் குருவிடம் வருமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் முன்னோர் தேனை வளர்த்தவர் அல்லர், எடுத்தவர். பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு பொருள்களில் தேனையும் ஒன்றாக வைத்து எண்ணினார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு ஆகியவை ஏனைய மூன்று. உழாமல் கிடைப்பதே அதன் பெருமை. மலைத்தேனீ பெரும்பாறையின் நெற்றியில் ஒற்றை அடையாகக் கட்டும். கொம்புத் தேனீ புதரில் உள்ளங்கையளவு கட்டும். இருளை நாடும் அடுக்குத் தேனீயோ மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் பல அடைகளை வரிசையாகத் தொங்கவிடும். தீப்பந்தம் கொண்டு ஈயை விரட்டி, அடையை அறுத்து, புழுவும் முட்டையும் மகரந்தமும் சேரப் பிழிந்து எடுப்பதே வழக்கம். இத்தொழிலுக்கு நாட்டுப்புறத்தில் வழங்கும் சொல்லே கூர்மையானது: 'தேன் அழித்தல்' என்பர். மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் மண்கலத்தைக் கவிழ்த்துக் கட்டி அடுக்குத் தேனீயை வரவழைக்கும் பழக்கமும் இருந்தது. வந்து கட்டிய அடையை எடுக்க வேண்டுமானால் அங்கும் அழித்தலே முறை.

அழிக்காமல் எடுக்கும் வழியைக் கண்டவர்களுள் இருவர் சமயப் பணியாளர்கள் என்பது வியப்புக்குரியது. ஒருவர் சிலேசியா நாட்டுப்புறத்தின் கத்தோலிக்கப் பங்குக்குரு யான் ஜெர்சோன். அடைகளைத் தனித்தனியே எடுக்கத்தக்க கூட்டை அமைத்தவர். ஆண்தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது என்பதை 1845இல் வெளியிட்டு அறிவியல் உலகைத் திகைக்கச் செய்தவர். திருத்தந்தையின் தவறா வரம் பற்றிய கோட்பாட்டை ஏற்காமல் திருச்சபையோடு பிணங்கி, நெடுங்காலம் விலகி நின்று, முதுமையில் ஒப்புரவானவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மற்றவர் அமெரிக்கச் சீர்திருத்த சபைப் போதகர் லொரென்சோ லாங்ஸ்ட்ராத். இவர் 1851இல் கண்டது ஓர் இடைவெளி மட்டுமே. கூட்டின் சுவருக்கும் அடைக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடம் இருந்தால் தேனீ அதை நடைபாதையாக விட்டுவிடும். அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும். மிகுந்தால் புது அடை கட்டும். இந்த ஒற்றை உண்மையைக் கொண்டு, மரச்சட்டங்களைப் புத்தகத் தாள் போல் உருவவும் செருகவும் கூடிய பெட்டியை அவர் செய்தார். பின்னர் 1865இல், சட்டத்தைச் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்கச் செய்யும் கருவியும் வந்தது. அடை சிதையாமல் கூட்டுக்கே திரும்பியது.

அப்பெட்டியை அப்படியே இங்கே கொணர்ந்தால் போதாதா? 1882இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டுகளில் பஞ்சாபிலும் சட்டப் பெட்டியில் நம் தேனீயை வளர்த்துப் பார்த்தனர். முயற்சி வேரூன்றவில்லை. நம் அடுக்குத் தேனீ ஐரோப்பியத் தேனீயினும் உருவில் சிறியது. அதன் கூட்டமும் சிறியது. பெரிய பெட்டியை அதனால் நிரப்ப இயலாது. கதகதப்பாக வைத்துக்கொள்ளவும் இயலாது. காவலற்ற மூலையில் மெழுகுப் பூச்சி முட்டையிடும்; அதன் புழு அடையைக் குடைந்து வலை பின்னும். நம் தேனீயோ பொறுமையில்லாதது. வீடு பிடிக்கவில்லையென்றால் ஒரு நண்பகலில் ஒட்டுமொத்தமாக எழுந்து போய்விடும். பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, கட்டுப்படியாகாமல் காலி செய்து போகும் சிறு குடும்பத்தை நாம் கண்டதில்லையா?

இங்கேதான் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன் வருகிறார். 1910ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த வேலை, வெளிநாட்டுப் பெட்டிக்கு ஏற்ற தேனீயைத் தேடியதன்று. உள்ளூர்த் தேனீக்கு ஏற்றவாறு பெட்டியைச் சுருக்கியது. சட்டம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம். உயரம் அதினும் குறைவு. கீழறையில் ஏழு சட்டங்கள். அங்கே ராணி முட்டையிடும், புழுக்கள் வளரும். அதன்மேல் பாதி உயரமுள்ள மேலறை. அதில் தேன் மட்டும். சட்டங்களுக்கிடையே உள்ள வழியும் நம் ஈயின் உடலளவுக்கு ஒடுக்கப்பட்டது. ஊர்த் தச்சர் ஒருவர் மிச்சப் பலகையைக் கொண்டே செய்துவிடத்தக்க எளிய பொருள். 1911 முதல் 1917 வரை அவர் நாட்டுப்புற மக்கள் பலருக்கு இக்கலையைக் கற்பித்தார். 'நியூட்டன் பெட்டி' என்ற பெயரில் அது இன்றளவும் தென்னிந்தியாவில் வழங்குகிறது. வேளாண் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அப்பெயரைப் படித்துத் தேர்வெழுதுகிறார். ஆனால் அந்த நியூட்டன் ஒரு குரு என்பதை அம்மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? ஆப்பிள் விழக் கண்ட நியூட்டனோடு குழப்பிக்கொண்ட பட்டதாரி ஒருவரை நானே சந்தித்திருக்கிறேன்.

அவருக்குப் பின் வேலை விரைந்தது. 1917இல் திருவாங்கூரிலும், 1925இல் மைசூரிலும், 1931இல் சென்னை மாகாணத்திலும் தேனீ வளர்ப்பு தொடங்கப்பட்டது. 1928இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான அரச ஆணைக்குழுவும் அதைக் குடிசைத் தொழிலாக வளர்க்குமாறு பரிந்துரைத்தது. ஆயினும் ஆணைக்குழுவின் தாளிலிருந்து ஏழையின் கொல்லைக்கு ஒரு பொருள் போய்ச் சேர்வது எளிதன்று. அது எங்கள் நாட்டில், அந்நாளில் தென் திருவாங்கூராக இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நடந்தேறியதற்கு மார்த்தாண்டம் காரணமாயிற்று.

அங்கே 1924இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கம், அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் அவர்களின் பொறுப்பில், ஊரகச் சீரமைப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. அவர் கொள்கை எளியது: வெளியிலிருந்து பணம் கொடுத்து எவரையும் உயர்த்த முடியாது, தன் கொல்லையில் ஏற்கெனவே உள்ளதைக் கொண்டு தானே எழும்ப ஏழைக்குத் துணை நிற்கலாம். நல்ல இனக் கோழி, முட்டைகளைச் சேர்த்து விற்கும் குழு, நெசவு, பனைவெல்லம் ஆகியவற்றோடு தேன்பெட்டியும் அப்படித்தான் வந்தது. தேனீக்கு நிலம் வேண்டாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. மூன்று சென்ட் புரையிடத்தில் குடிசை போட்டவனும் பெட்டி வைக்கலாம். ஈ போய் மேய்வது நிலக்கிழாரின் தோப்பில். 1930களில் தேன் வளர்ப்போர் கூட்டுறவு முறையில் இணைந்து, தேனைச் சேர்த்து, காய்ச்சி வடித்து, புட்டியில் அடைத்து விற்கவும் தொடங்கினர். 'மார்த்தாண்டம் தேன்' என்பது ஒரு பெயராக நிலைத்தது. ஒரு கத்தோலிக்கக் குரு சுருக்கிச் செய்த பெட்டியைச் சீர்திருத்த சபையார் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தனர். அதில் குடியேறிய ஈயோ அனைத்துச் சபையார் தோப்பிலும் இந்து, இசுலாமியர் தோப்பிலும் வேற்றுமையின்றி மேய்ந்தது. கிறிஸ்தவ ஒன்றிப்பு என்ற சொல் நம் பங்குகளில் வழங்குவதற்கு வெகு முன்னரே இது நடந்தது.

பின்னர் ரப்பர் பரவியது. ரப்பரின் பூவில் தேன் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அவ்வாறன்று. மார்கழியை ஒட்டி இலை முழுவதையும் உதிர்க்கும் அம்மரம், தை, மாசியில் செம்பழுப்பான இளந்தளிர் விடும். ஒவ்வோர் இலைக்காம்பின் முனையிலும், மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில், சிறு சுரப்பிகள் உண்டு. இலை முதிர்ந்து தடிக்கும்வரை, சில கிழமைகள் மட்டும், அவற்றில் இன்னீர் ஊறும். அந்நாள்களில் பெட்டியின் வாயிலில் நின்றால் மழைக்கால ஓடையின் ஒலி கேட்கும். ஆனால் அந்தச் சுரப்பி மகரந்தம் தருவதில்லை. புழுவுக்கு ஊட்ட மகரந்தம் இன்றியமையாதது. அதைத் தருவது ஆண்டு முழுதும் பாளை வெடிக்கும் தென்னை. பூக்காலங்களில் புளி, வேம்பு, முருங்கை ஆகியவையும் துணை நிற்கும். ரப்பரும் தென்னையும் அடுத்தடுத்து நின்றமையால்தான் எங்கள் மாவட்டம் தேன் மாவட்டமாயிற்று.

எங்கள் விளையில் ஆறு பெட்டிகள் இருந்தன. ஒற்றைக்கால் ஒவ்வொன்றின் அடியிலும் எறும்பேறாதபடி நீர் நிறைந்த சிரட்டை போன்ற கிண்ணம். அதில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது சிறுவர்களாகிய எங்கள் வேலை. கதம்பையைப் புகையவைத்து, அப்பா பெட்டியைத் திறப்பார். முகமூடி இல்லை, கையுறை இல்லை. ஆடி மாத மழையில் பூவும் இராது, தளிரும் இராது. சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். வீட்டில் கடுங்காப்பிக்குச் சர்க்கரை இல்லாத நாளிலும் பெட்டிக்கு உண்டு. இதுபற்றி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆண்டுதோறும் ஒரு வாக்குவாதம் நடக்கும்.

தேனெடுப்பு பெரும்பாலும் தவக்காலத்தில் வந்து விழும். கருவியின் அடியில் ஒட்டிய தேனை விரலால் வழித்து நக்க வெள்ளிக்கிழமைகளில் பாட்டி விடமாட்டார்கள். 'ஞாயிறுவரை அது ஓடிப்போகாது' என்பார்கள். ஒரு பெட்டிக்கு எட்டு அல்லது பத்துக் கிலோ கிடைத்தால் நல்ல ஆண்டு. அதில் வீட்டுக்கு நிற்பது ஒரே ஒரு பரணி. எங்கள் ஊர்ச் சமையலின் இனிப்பு கருப்பட்டியே. முந்திரிக்கொத்தும் சக்கை வரட்டியும் ஓலைக்கொழுக்கட்டையும் அதில்தான் வேகும். தேன் அடுப்பேறாது. நெல்லிக்காயைக் குத்தி ஊறப்போடுவதற்கும், இருமலுக்குச் சுக்கோடு குழைப்பதற்கும், விருந்தாக வந்த குருவானவருக்குப் பழுத்த மட்டிப்பழத்தோடு பரிமாறுவதற்கும் மட்டும் பரணி திறக்கும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கவும் அக்கம்பக்கத்தார் கேட்டு வருவர். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது, அதில் அரிதாகக் கலந்திருக்கும் நுண்ணுயிர் உயிருக்கே கேடாகலாம் என்று மருத்துவர்கள் இப்போது எச்சரிக்கின்றனர். அன்று எவரும் அறிந்திலர். எஞ்சிய தேன் அனைத்தும் விற்பனைக்கு. ஆனி மாதத்துப் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் அதில் அடங்கின. நான் எழுதப் படிக்கக் கற்றது ரப்பர் தளிரின் நீரால் என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு செய்தியை இடையிலே சொல்லிவிடுகிறேன். ரப்பர்த் தேன் விரைவில் உறைந்து வெண்மணலாகும். 'சர்க்கரை கலந்தது' என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொணர்ந்து அப்பாவிடம் சண்டையிட்டதுண்டு. உறைதல் கலப்படத்துக்குச் சான்றன்று; வெயிலில் வைத்தால் இளகும். தூய தேன் விற்றவன் பொய்யனென்று பெயர் வாங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

1991, 1992ஆம் ஆண்டுகளில் அந்நோய் வந்தது. தாய்லாந்தில் 1976இல் முதலில் காணப்பட்டமையால் 'தாய் பைப்புழு நோய்' என்று அதற்குப் பெயர். நச்சுயிரியால் வருவது. புழு கூட்டுப்புழுவாக மாறுமுன், அறைக்குள் நிமிர்ந்து படுத்த நிலையிலேயே மடியும். இடுக்கியால் தூக்கினால் நீர் நிறைந்த சிறு பையாகத் தொங்கும். பின்பு பழுத்து, கறுத்து, தலை தூக்கிய சிறு தோணி போல் காயும். முதிர்ந்த ஈக்கள் சாவதில்லை. ஆனால் பிள்ளைகள் பிழையாத வீட்டில் எத்தனை நாள் இருக்கும்? சில கிழமைகளில் கூட்டம் தேய்ந்து ஓய்ந்தது. அல்லது எஞ்சியது எழுந்து போயிற்று. இந்நோய்க்கு மருந்தில்லை. யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையைப் பொடித்துப் பாகில் கலந்து வைத்தார் அப்பா. நச்சுயிரியிடம் அது செல்லாது என்பதை அவருக்குச் சொல்ல எவரும் இல்லை. தென்னிந்தியாவில் பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன என்பது ஆய்வாளர் கணிப்பு. எங்கள் ஆறும் போயின.

அந்நாளில் ஒருவரையொருவர் குறை கூறினோம். பூச்சிமருந்து என்றனர் சிலர். அயலவன் கண் என்றனர் சிலர். இன்று திரும்பிப் பார்க்கையில், எங்கள் வெற்றியே நோய்க்கு வழியமைத்தது எனத் தோன்றுகிறது. பெட்டிகள் நெருங்கி நின்றன. தளிர்க்காலத்தில் அவை வண்டியேறித் தோட்டந்தோறும் சென்றன. செத்த கூட்டின் தேனை அயற்கூட்டு ஈக்கள் கொள்ளையிட்டு, நோயையும் சுமந்து வீடு திரும்பின. ஒரே பெட்டி, ஒரே முறை, கைமாறிக் கைமாறிப் பெருக்கிய கூட்டங்கள்: பரவியது அந்த வழியேதான்.

பலர் தொழிலை விட்டனர். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். 1962இல் வட இந்தியாவில் நக்ரோட்டாவில் வெற்றியாகக் குடியேற்றப்பட்ட அந்த இனம், இந்நோய்க்குப் பின்னரே தெற்கே கவனம் பெற்றது. அது மிகுதியான தேன் தரும். ஆனால் அதற்கு மிகுதியான தீவனமும், பெரிய பெட்டியும், உண்ணிக்கு ஓயாத காவலும் வேண்டும். நம் ஈயோ தன் மேல் ஏறிய உண்ணியைத் தானே பற்றியெடுத்து எறியும். மூன்று சென்ட்காரனுக்கு ஏற்றது எது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மீட்பு வந்தது ஆய்வுக்கூடத்திலிருந்து மட்டுமன்று, காட்டிலிருந்தும் வந்தது. எவரும் வளர்க்காத பாறையிடுக்குகளிலும் முதுமரப் பொந்துகளிலும் சில கூட்டங்கள் நோயைத் தாங்கி நின்றன. பழைய தேன்காரர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, தாங்கியவற்றை மட்டும் பிரித்துப் பெருக்கினர். பல ஆண்டு வேலை அது. இப்போதும் அந்நோய் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆயினும் முன்போல் ஊரையே வழித்துக்கொண்டு போவதில்லை.

அப்பா மூன்று ஆண்டுகள் வெறும் பெட்டிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, மீண்டும் காலில் ஏற்றிவைத்தார். 1995இல், எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்து மதிலில், கல் பெயர்ந்த ஓர் இடுக்கில் கூட்டம் ஒன்றைக் கண்டு, பங்குக்குருவிடம் அனுமதி கேட்டு, அந்திக்குப்பின் அடைகளை ஒவ்வொன்றாக அறுத்துச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிக் கொணர்ந்தார். ராணியைக் காணாமல் ஒரு மணி நேரம் தேடி, இறுதியில் தம் சட்டைக் கையிலேயே கண்டார்.

அவர் மறைந்தபின் அப்பெட்டி எனக்கு வந்தது. அதன் மூடியின் உட்புறத்தில் தேனெடுத்த நாள்களை ஆண்டுவாரியாகக் காப்பிப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். 1991க்குப் பின் நான்கு விரல் அகலம் வெற்றுப் பலகை. அதன்கீழே, '1996 மாசி, இரண்டு கிலோ, எடுக்கவில்லை, அதற்கே விட்டேன்' என்றிருக்கிறது.